ஆயா நின்ற வரிசை

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்குச் சாக்குத்துணிதான் சேலை. ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். பிள்ளையில்லாத தொட்டில்களையும் விடாமல் ஆட்டிவிடுவார்.

தோட்டத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான் ஜப்பான்காரன். கங்காணியும் மருந்து கொடுக்கும் டிரசரும் போட்டியிட்டார்கள். வேண்டியவர் பின்னால் நாங்கள் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி அரிசி வாங்கித் தருவதாகச் சொன்னார். டிரசர் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை.

“அரிசிக்கு ஜப்பான்காரன் என்ன கேக்குறான், கங்காணி?” என்றார் ஆயா.

“வீட்டுக்கு இன்னும் ஒரு ஆளு, சயாமுக்கு ரயில்பாதை போட.”

“மாத்திரைக்கு?”

டிரசர் தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டு வீட்டுக்கு ஒரு ஆளு.”

கணக்குப் பார்த்து டிரசர் பின்னால் நின்றோம். ஆயா மட்டும் களத்தின் ஓரத்தில், யாருமில்லாத இடத்தில் போய் நின்றார். கூப்பிட்டு வரலாமென்று போனேன்.

“இங்க யாருமே இல்லியே, ஆயா.”

“சயாமுக்குப் போனவங்க நிக்கிறாங்கப்பா. தள்ளி நில்லு, ஒன் தம்பி கால மிதிக்காத.”

முன்பே சயாமுக்குப் போன தம்பி உயிரோடிருக்கிறான் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அப்படியும் என் கால்கள் தாமாக ஒதுங்கி, அவனுக்கு இடம் விட்டன.