லிஃப்டுக்கு வெளியே ஒரு ஆள்

சில மாதங்களில் என்னை இரவுப் பதிப்புக்கு மாற்றப்போவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். பெங்களூரில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதித் தருவதைத் திருத்துவது என் தொழில். பதிப்பு முடிவதற்கு வெகு முன்பே எங்கள் ஊர் ஸ்டேஷனான கோரமண்டலுக்குக் கடைசி ரயில் போய்விடும். அந்த ரயிலை நம்பித்தான் இத்தனை வருடமும் தங்கவயலில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் சம்பளம் வாங்கினேன். இனி வேலையை விட வேண்டும், அல்லது வீட்டை மாற்ற வேண்டும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், எட்டாவது படிக்கும் மகள், என் அப்பா. கணவருக்கும் வேலை பெங்களூரில்தான் என்பதால் அவர் சந்தோஷப்பட்டார். மகள் தனக்கென்று ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நீங்க போங்கம்மா. நா இங்கியே கீறேன். பக்கத்து வூட்ல ஆளுங்க கீறாங்க" என்றார்.

அவருடைய நுரையீரலில் கல் தூசி இருக்கிறது. அவர் வேலை செய்த தங்கச் சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தூசி போகவில்லை. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்வார். அம்மா இறந்த பிறகு, அவர் இருமினால் எழுந்து வெந்நீர் வைப்பது நான்தான். பக்கத்து வீட்டு ஆட்கள் நல்லவர்கள். ஆனால் அப்பா இருமுவது அவர்களுக்குச் சுவரைத் தாண்டித்தான் கேட்கும். அப்பா வராத வீட்டுக்கு நான் போவதில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. அப்படியானால் கீழ் வீடாகப் பார்க்க வேண்டும் என்றார்.

கீழ் வீடுதான் வேண்டும் என்பதற்கு மூச்சு ஒரு காரணம். அவரால் ஒரு மாடி ஏறவே கஷ்டம். லிஃப்ட் இருக்கும் கட்டடங்களையும் நாங்கள் ஒதுக்கியதற்கு வேறு காரணம் இருந்தது. போன வருடம் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனோம். டாக்டர் மேல் மாடியில் இருந்தார். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள். அப்பா வாசல் வரை போய் நின்றார். கதவு மூடிக்கொண்டது. அவர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்து நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, எழுந்து, மேலே போய்ச் சேர்ந்தபோது உதடு நீலமாக இருந்தது.

நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுரங்கத்தில் ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டை அங்கே கேஜ் என்பார்கள். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் அந்த கேஜ், ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியின் நடுவில் நின்றுபோய், அப்பாவும் கூட இருந்தவர்களும் ஷிஃப்ட் முழுக்க இருட்டில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னோம்.

வாடகைக்கு வீடு தேடுவது எப்படி என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. வடஆற்காட்டிலிருந்து அப்பாவின் தாத்தா வந்து இறங்கியபோது சுரங்கக் கம்பெனி வரிசை வீடுகளில் ஒன்றைக் கொடுத்தது. அதே வரிசையில் அப்பா பிறந்தார், நானும் பிறந்தேன். கதவைத் தட்டி உள்ளே வந்து சுவரில் ஆணி அடித்திருக்கிறோமா என்று பார்க்கும் ஓனர் என்ற மனிதரை நாங்கள் பார்த்ததே இல்லை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக முன்னாலேயே கொடுப்பது பெங்களூர் வழக்கம் என்று கேட்டபோது அப்பா, "வீட்ட வாடகைக்கு வுடுறாங்களா, விக்கிறாங்களா?" என்று நிஜமாகவே கேட்டார்.

முதல் வீட்டைப் பார்க்க அவரும் வந்தார். எங்களுக்காகப் பார்த்துத் தருகிறாராம். கே.ஆர். புரம் பக்கத்தில் இருந்தது, ரயில் நிலையத்துக்கு அருகில். புரோக்கர் சமையலறையையும் குளியலறையையும் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா எதையும் பார்க்காமல் பின்பக்கக் கதவைத் திறந்து வெளியே நின்று, "காத்து எந்தப் பக்கத்துலருந்து வரும்?" என்று கேட்டார். புரோக்கருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாஸ்து பக்கா, ஈசானியத்தில் தண்ணீர்த் தொட்டி, கிழக்கு பார்த்த வாசல் என்று அடுக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி, "அது சரி. காத்து?" என்றார்.

எங்கள் ஊரில் வீட்டை அப்படித்தான் பார்ப்போம். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண் மலை மலையாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அது மாவு போல் பறந்து வந்து சோற்றில் விழும். எந்த ஜன்னலை எப்போது மூட வேண்டும் என்பதுதான் ஒரு வீட்டைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அந்த வீட்டில் காற்றே வரவில்லை. அதனால் அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அவர் திரும்பும் வழியில் கேட் அருகே இருமினார். ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மறுநாள் புரோக்கர் போன் செய்து, வீட்டை ஓனரின் மச்சான் கேட்கிறார் என்றார்.

அடுத்தடுத்த வாரங்களில் ஓனர்களுக்கு நிறைய மச்சான்கள் இருப்பது தெரியவந்தது. ஒருவர் மட்டும் நேரடியாகப் பேசினார். பெரியவர் யார், உங்கள் கணவரின் அப்பாவா என்று கேட்டார். என் அப்பா என்றேன். "ஓ, பொண்ணோட அப்பாவா? அப்ப கெஸ்ட்தானே. எத்தனை நாள் இருப்பாரு?" என்றார். எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்பா பஸ் ஸ்டாப் வரை மெதுவாக நடந்தார். பிறகு, "கேட்டியா, நா கெஸ்ட்டாம். இனிமே காபில சர்க்கர கூட போடு" என்றார்.

ரயிலில் எங்கள் பெட்டியில் எல்லோருக்கும் என் வீட்டுப் பிரச்சினை தெரியும். காலை ரயிலில் பெண்கள் அவரைக்காய் நாரெடுப்பார்கள், பூ கட்டுவார்கள், கூடவே ஊர்ப் பிரச்சினைகளையும் தீர்ப்பார்கள். எதிர் சீட்டில் வரும் அக்கா ஒரு அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர், எங்கள் வரிசைக்குப் பின்வரிசையில் வளர்ந்தவர். அவர்தான் விஷயத்தைச் சரியாகச் சொன்னார். "கீழ் வூடு கீழ் வூடுன்னு தேடுறியே. பெங்களூர்ல கீழ்ப்பக்கம் காருக்கு, நடுவுல ஓனருக்கு, மேல கீறதுதான் நமக்கு. தெரியாதா உனக்கு?"

தன் தங்கை காலி செய்யும் ஒரு வீடு இருப்பதாகவும் சொன்னார். மூன்றாவது மாடி, பழைய கட்டடம், வாடகை மற்றதை விடக் கொஞ்சம் கம்மி. லிஃப்ட் இருக்கிறது. அப்பா லிஃப்டில் ஏற மாட்டார் என்றேன். "போய்ப் பாரேன். பாக்கறதுக்கு அட்வான்ஸ் கேக்க மாட்டாங்க" என்றார்.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள் வந்தது. இந்த முறை டாக்டர் தரைத்தளத்தில் இருந்தார். ரயில் அக்கா சொன்ன கட்டடம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. அக்காவுக்காக ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். அப்பாவைக் கீழே வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார வைத்தேன். வாட்ச்மேன் எங்கள் ஊருக்குப் பக்கமான முல்பாகல்காரர். நான் படி ஏறுவதற்குள் இருவரும் தெலுங்கில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வீடு நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. மகளுக்கு ஒரு சின்ன அறை. மேற்குப் பக்கம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். அப்பாவுக்கு என்று நான் மனதில் வைத்திருந்த அறையில் காலை வெயில் வரும்போல் இருந்தது. ஓனரம்மா எதிர் வீட்டில் தனியாக இருப்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியை. கருவாடு சமைப்பீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். அன்றைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஜன்னலை மூடிக்கொள்கிறேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே அப்பா நாற்காலியில் இல்லை. லிஃப்டின் முன்னால் நின்றிருந்தார். பழைய காலத்து லிஃப்ட். இழுத்து மூடும் இரும்புக் கம்பிக் கதவு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சுற்றிலும் கம்பி வலை, அதைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டு. அவர் ஒரு கையைக் கதவில் வைத்து மேலே போகும் கம்பிவடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூடு எப்டி? காத்து வருதா?"

"வருது நைனா. மேற்கால பூரா மரம், தூசி வராது."

"அப்றம் இன்னா?"

"மூணாவது மாடி. லிஃப்ட்ல நீ ஏற மாட்டியே. பயப்படுவியே."

"யாரு சொன்னது?"

பிரதியின் ஓரத்தில் நான் தினமும் எழுதும் கேள்வி அது. நிருபர்கள் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் நின்றதையும், நடு ஷாஃப்டில் கேஜ் தொங்கியதையும் சொன்னேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேஜ் தொங்குன மறுநாளே ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனேனே." மூச்சு வாங்கினார். "கேஜ இழுக்குற இன்ஜின் டிரைவருக்கு உள்ள நிக்கிறவன் மணி அடிக்கக் கூடாதும்மா. வெளிய ஒரு ஆள் நிப்பான். எல்லாரும் உள்ள வந்தாச்சா, எவன் கையாவது காலாவது வெளிய கீதா, அவன்தான் பார்ப்பான். பார்த்து அவன்தான் கதவ மூடி மணி அடிப்பான். உள்ளாற நின்னுகினு நாமளே அடிச்சிக்கினு போறது கெடையாது. ஆஸ்பத்திரில வெளிய ஆளே இல்லியே."

"இது பட்டன் அமுக்கினா தானாப் போவும் நைனா."

"தெரியாதா எனக்கு? நீ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்." தன் செருப்பைப் பார்த்தார். "தெரியுது. கால் போவ மாட்டுது."

முப்பது வருடம் தினமும் செய்தது. அந்த விதியை மீறியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் அவர் பார்த்திருப்பார். எனக்குத் தோன்றியதை வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்காமல் எழுந்து வந்தார். அப்பா உள்ளே போய் நடுவில் நின்றுகொண்டார். வாட்ச்மேன் அவர் கை, கால், வேட்டி நுனி எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து பேசியபோது அப்பா அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு கதவையும் இழுத்து மூடினார். நான் படி ஏறினேன்.

மூன்றாவது மாடியில் நின்று பட்டனை அழுத்தினேன். கீழே மோட்டார் உறுமியது. வடம் நகர்ந்தது. கம்பி வலை வழியாக முதலில் அவருடைய நரைத்த தலை வந்தது, பிறகு நெற்றி, கண்ணாடி, முகம். இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக் கட்டி, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு நின்றிருந்தார், பக்கத்தில் நெருக்கமாக ஆட்கள் நிற்பது போல. லிஃப்ட் ஒரு குலுக்கலுடன் நின்றது. அவர் வெளியே வரவில்லை. நான் கதவைத் திறந்து, கூட நிற்பவர்களையும் சேர்த்துக் கூப்பிடுவது போல் "வாங்க" என்ற பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

"கொஞ்சம் கீழயே நிறுத்திட்டான்" என்றார் தரையைப் பார்த்து. "இன்ஜின் டிரைவர் புதுசு போல."

சத்தம் கேட்டு ஓனரம்மா கதவைத் திறந்தார். நான் ஏன் படியில் ஓடி வந்தேன், லிஃப்ட் கெட்டுவிட்டதா என்று கேட்டார். நான் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். தூசியையும் சொன்னேன், அது தொற்றாது என்பதையும் சொன்னேன். அவர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் வேலைக்குப் போன பிறகு இவருக்கு யார் பட்டன் அழுத்துவது என்று கேட்டார்.

அப்பா தன் தங்கவயல் கன்னடத்தில், "நீங்கதான்" என்றார். "மேலருந்து பார்க்கறதுக்கு வாத்தியாரம்மாவ விட ஆள் கிடைக்குமா?"

ஓனரம்மா சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கிளம்பும்போது, சனிக்கிழமை மட்டும் காலையில் தான் கோயிலுக்குப் போய்விடுவதாகவும், அன்றைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வாடகை அதிகம்தான், மாதக் கடைசியில் அது தெரியும். அப்பா காலையில், இரவு வேலை முடிந்து நான் தூங்கும் நேரத்தில், கீழே இறங்கிப் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். போகும்போது ஓனரம்மா கதவை மூடிவிடுகிறார், கீழேயிருந்து வாட்ச்மேன் அழுத்துகிறார். திரும்பும்போது வாட்ச்மேன் மூடுகிறார், மேலே ஓனரம்மா. கட்டடத்தில் மற்றவர்களும் பழகிவிட்டார்கள். உள்ளே அவர் நிற்பதைப் பார்த்தால், ரெடியா என்று கேட்டுவிட்டு அழுத்துகிறார்கள்.

சனிக்கிழமை என் முறை. மேலே கதவை மூடுவது மகள். நான் முன்னாலேயே படியில் இறங்கிப் போய்க் கீழே நிற்கிறேன். பட்டனை அழுத்துகிறேன். மேலே போகும்போது தலை முதலில் தெரியும். இறங்கும்போது செருப்புதான் முதலில். பிறகு வேட்டி, கட்டிய கைகள், கடைசியில் முகம். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து அவர் மேலே வருவதை ஷாஃப்ட் வாசலில் நின்று அம்மா பலமுறை பார்த்திருக்கிறாள், அவள் இடுப்பில் இருந்து நானும் பார்த்திருக்கிறேன். அவர் சுரங்கத்துக்குள் இறங்கும்போது கீழே நின்று பார்த்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

லிஃப்ட் நிற்கிறது. கதவைத் திறந்து, "வாங்க" என்கிறேன்.