தண்டுவட நீரை வாசித்த ரிஸ்வானா மிஸ்

பாண் வாங்கப் போன கடையில்தான் கேள்விப்பட்டேன். "ஆஸ்பத்திரி லேப் மிஸ் மவுத்தாகிட்டாங்க மகள்," என்றார் முதலாளி. இறந்தது எந்த மிஸ் என்று நான் கேட்கவில்லை. இரத்தம் கொடுக்கப் போய் ரிஸ்வானா மிஸ்ஸிடம் ஏச்சு வாங்காதவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குறைவு. உங்களிடமும் ஒரு கதை இருக்கும். இது என்னுடையது.

போன வருடம் தம்பி கடும் காய்ச்சலோடு, கழுத்தை மடக்க முடியாமல் கிடந்தான். முதுகில் ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எடுத்தார்கள். அந்த ஊசி போட்டால் கால் விளங்காது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் பயமுறுத்தியிருந்ததால் அப்பா டொக்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

லேப் ஜன்னலில் ரிப்போர்ட்டை வாங்கியது நான். ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியை அப்பாவுக்குப் பெருமையாக வாசித்துச் சொன்னேன்: கிருமி எதுவும் தென்படவில்லை.

"அப்புறம் என்னாத்துக்கு இங்க கெடக்கணும்? ஆஸ்பத்திரி டிக்கெட்ட வெட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவோம்," என்றார் அப்பா.

உள்ளிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. "ஒரு வரிய வாசிச்சிட்டு முழுப் புத்தகத்துக்கும் கதை சொல்லுவீங்களா மகள்?"

மூடிய இரண்டு சிறு குழாய்களை எடுத்து, அவற்றின் பின்னால் ஒரு பத்திரிகையைப் பிடித்தார். தண்ணீர் இருந்த குழாய் வழியே எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. தம்பியின் குழாயில் அவை பனிமூட்டத்துக்குள் போய்விட்டன.

"இந்தக் கலங்கல் வெள்ளை அணு. சண்டைக்கு வந்த கூட்டம். வந்தவங்க தின்னதுல சீனி குறைஞ்சிருக்கு, புரதம் கூடியிருக்கு. எல்லாம் கிருமி வந்த தடம் அண்ணே."

"கிருமியத்தான் காணோமே மிஸ்?"

"தோட்டத்து டிஸ்பென்சரியில முன்னாடியே மருந்து குடுத்தாங்கல்ல? அதுல மறைஞ்சிருக்கலாம். காணலன்னா இல்லன்னு ஆயிடாது. டொக்டர் சொல்ற வரைக்கும் புள்ளைய அசைக்காதீங்க."

அப்பா வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். டொக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு வாரம் மருந்து ஏறியது.

ஒரு தேக்கரண்டிகூட இல்லாத நீர். என் தம்பியின் தலைக்குள் நடந்த போரை அதில் பார்த்து, யார் வந்தார்கள், எதைத் தின்றார்கள் என்று ஒருவர் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை. புத்தகங்களை மட்டுமே வாசிக்கலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நேற்று தம்பியிடம் செய்தியைச் சொன்னேன். "யாருக்கா அது?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கார்ட்டூன் பார்க்கப் போனான். வார்டில் காய்ச்சலோடு கிடந்தவன் அவரைப் பார்த்ததே இல்லை. அவனுக்கும் சேர்த்து அவரை நான் ஞாபகம் வைத்திருப்பேன்.