ரேடியோ சொன்ன தீர்ப்பு

"…அதெல்லாம் கெடக்கட்டும். கடைசியா ரேடியோவுல என்னையப் போகச் சொன்னாங்களா, இருக்கச் சொன்னாங்களா?" என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

கந்தப்பளையில் ஒரு கடையில் வேலை பார்த்த அவருடைய மகன், தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டிருந்தான். போனால் தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டுவார்கள், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அன்று காலையே கணக்கப்பிள்ளையிடம் முடிவு சொல்லியாக வேண்டும்.

முந்தின நாள் காலை நான் கேட்ட வட்டகொடைக் கடை ரேடியோவில் ஓர் அம்மாவும் ஐயாவும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "தனிமரம் தோப்பாகாது, பெற்றவள் பிள்ளையோடுதான் இருக்க வேண்டும்" என்றார் அம்மா. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்றார் ஐயா. அதுவரை எனக்கு விளங்கியது. பிறகு அந்த அம்மா தன் மாமியார் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, தனியாக இருப்பதே மேல் என்றார். ஐயாவோ, தன் தாயார் பக்கத்தில் இல்லாவிட்டால் தனக்குச் சோறே இறங்காது என்றார். யார் எந்தப் பக்கம் என்று நான் யோசிப்பதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

"ரெண்டு பேருமே ரெண்டையும் சொன்னாங்க அக்கா."

"நல்லா கேட்ட போ! காதக் கடையிலயே வச்சிட்டு வந்துட்டியா?"

இரண்டு பழமொழியும் சரியாகத்தானே இருக்கின்றன?

"என்னம்மா, பேர வெட்டவா?" என்று கணக்கப்பிள்ளை களத்தின் அந்தப் பக்கமிருந்தே சத்தம் போட்டார்.

அக்கா இடுப்புச் சாக்கை இறுக்கிக் கட்டி, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்க மலை ஏறினார்.