பூ விழும் வரை

சுவீடனில் தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் முதலில் ஒரு சீட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். நும்மர்லாப் என்பார்கள். வாசலருகே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலிருந்து எண் போட்ட துண்டுக் காகிதம் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் வேறு ஒருவரும் இல்லாவிட்டாலும் அதை எடுத்தாக வேண்டும். வந்த புதிதில் இது தெரியாமல் நேராகக் கவுண்டருக்குப் போனேன். அந்தப் பெண் என்னைத் தாண்டிச் சுவரில் இருந்த எண் பலகையைப் பார்த்தபடி நின்றாள். யாருமில்லாத கடையில் நான் திரும்பிப் போய்ச் சீட்டு எடுத்து வந்த பிறகுதான் சிரித்த முகமாக வணக்கம் சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் பழகிய பின் அந்தச் சீட்டு பிடித்துப்போயிற்று. எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரிந்தால் எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். குமாரபாளையத்தில் நான் வளர்ந்த தெருவின் மாரியம்மன் அப்படி ஒரு சீட்டை யாருக்கும் கொடுத்ததில்லை.

போன வருடம் எங்கள் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு நானும் என் கணவரும் காத்திருந்தோம். அவருக்கு இங்கே துணி ஆலையில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில். அட்டை கைக்கு வருமுன் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு மாதம், ஐந்து மாதம், எட்டு மாதம் என்று நாள் போனது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்து, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன். அப்படி ஒரு வரிசையே இல்லை என்றார்கள். அப்புறம் அம்மனைத்தான் பிடித்துக்கொண்டேன். இல்லத்தின் ஜன்னலோரம் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றேன். என்னோடு வேலை செய்யும் அன்னெலி தோளைத் தொட்டு, தலைவலியா என்று கேட்டு, ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். இல்லை, சாமி கும்பிட்டேன் என்று சொல்லத் தயங்கி அதை விழுங்கிவிட்டேன்.

அந்த மாதங்களில்தான் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் முற்றியிருக்கிறது. முப்பது வருடம் விசைத்தறிப் பட்டறையின் பஞ்சைச் சுவாசித்த நெஞ்சு. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவின் முகம் மட்டும் தெரியும். அண்ணன் போனை அவ்வளவு கிட்டத்தில் பிடித்திருப்பான். "சளிதான் சாமி, மழைக்காலமில்ல" என்பார் அப்பா. நானும் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை, வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது அண்ணன் அழைத்தான். அவன் அழுததிலேயே தெரிந்துவிட்டது. அப்பாவை எடுத்துப் போவதை இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் நின்று கையளவு திரையில் பார்த்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று அண்ணனைக் கேட்டுக் கத்தினேன். "உன்ன வரச் சொல்லலாமான்னு அம்மா கோயில்ல பூ கேட்டுச்சு பாப்பா. அம்மன் வேண்டான்னுட்டா. அதுக்கு மேல நான் என்ன பண்றது?" என்றான். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, தறி வாங்குவதோ, வீட்டுக்கு வாசக்கால் வைப்பதோ, பூ கேட்காமல் நடக்காது. பூசாரி அம்மன் தலையில் பூ வைப்பார். கேள்வியை மனசுக்குள் சொல்லிவிட்டு எதிரே உட்கார வேண்டும். அம்மனின் வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. சில நாள் அரை மணியில் விழும். சில நாள் மதியம் வரை அசையாது. சுவீடனுக்கு நான் வந்ததும் அப்படி ஒரு பூ வலப்பக்கம் விழுந்ததால்தான். என்னை அனுப்பிவைத்தவள், அப்பா முகத்தைப் பார்க்க வரவேண்டாம் என்று சொன்னாளா? அன்று மாலையே சமையலறை அலமாரியில் இருந்த அம்மன் படத்தை எடுத்துக் கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டேன். இனி உன்னோடு பேச்சில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

ஏழு வாரம் கழித்து அட்டை வந்தது. தபால்காரர் அதை நல்ல செய்தி போலப் புன்னகையோடு நீட்டினார். பெங்களூரில் இறங்கிக் காரில் வந்தேன். சங்ககிரியில் லாரிகள் வழிமறித்து நின்ற அரைமணி நேரம்கூட எனக்கு உறைக்கவில்லை. அவசரப்பட்டுப் போய்ப் பார்க்க அங்கே யார் இருந்தார்? அம்மா வாசலுக்கு வந்து என் கன்னத்தை வழித்துக்கொண்டாள். அழவில்லை. வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. ஆனால் அம்மா கோயில் பக்கம் போகவே இல்லை. கேட்டால் கால் வலி என்றாள். அந்தக் காலோடுதான் மார்க்கெட் வரை நடந்து கீரை வாங்கி வந்தாள்.

நாலாம் நாள் காலையில் அப்பாவின் வேட்டிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தோம். நான் பொறுக்கமாட்டாமல், "உங்க அம்மனுக்குக் கண்ணே இல்லம்மா" என்றேன்.

அம்மா கையிலிருந்த வேட்டியைக் கீழே வைத்தாள். "அவள வையாத சாமி. அவ உன்னயக் கூப்புடச் சொல்லித்தான் சொன்னா. பூவு சோத்தாங்கைப் பக்கந்தான் உழுந்துச்சு. நாந்தான் மறச்சுப்போட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவனுக்கும் தெரியாது. நான் தனியாப் போயி மனசுக்குள்ள கேட்டதுதானே. அட்டை வராம நீ வந்து இங்கயே மாட்டிக்கிட்டீன்னா அந்தப் புள்ள அங்க தாயில்லாம நிக்கும். உன்ற அப்பாவுக்கு நான் இருந்தேன். அதுக்கு ஆரு இருக்கறா? அம்மங்கிட்ட பூ கேட்டுப்போட்டு அவ பேச்சத் தட்டிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுட்டு இனி அவ முன்னால போயி நிப்பேன்?"

அம்மாவின் மேல் எனக்கு அளவில்லாத கோபம் வந்தது. அதே நேரத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்தேன். காத்திருந்த அத்தனை மாதமும் கடவுளை நம்பினேன் என்று நான் சொல்லிக்கொண்டது எவ்வளவு சுலபமான வேலை என்று அப்போது தெரிந்தது. எனக்குப் பதிலே வரவில்லை, அதனால் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, என் பிள்ளைக்காகத் தன் தெய்வத்தையே இழந்து உட்கார்ந்திருந்தாள். நானோ ஏழு வாரமாகக் குற்றமில்லாதவளைக் கரண்டிகளோடு பூட்டி வைத்திருந்தேன்.

சுவீடனுக்குக் கிளம்பும் அன்று காலை அம்மாவைக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போனேன். படியோடு நின்றுவிட்டாள். "எனக்கும் ஒண்ணு கேக்கோணும், நீ வந்தாத்தான் கேப்பேன்" என்றதும் உள்ளே வந்து, தலையைக் குனிந்தபடி நின்றாள். "வாங்க, எத்தன நாளாச்சுங்க" என்றார் பூசாரி, வேறொன்றும் கேட்காமல். அம்மன் தலையில் செவ்வரளிப் பூவை வைத்தார். அப்பா இல்லாத வீட்டுக்கு, அம்மாவோடு இருக்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று மனசுக்குள் கேட்டேன். உட்கார்ந்தோம். பூ அசையவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே அண்ணன் காரில் ஹாரன் அடித்தான், விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நீ பொறப்படு சாமி. நான் உக்காந்து பாத்துப்போட்டு வாரேன்" என்றாள் அம்மா. இப்போது அவள் அம்மனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு அம்மாவை அழைத்தேன். "உழுந்துச்சு" என்றாள். "நீ என்ன கேட்டீன்னு எனக்குத் தெரியும். இந்தத் தடவ மறைக்கமாட்டேன். எந்தப் பக்கம்னு சொல்லட்டுமா?"

விமானத்துக்கான போர்டிங் பாஸ் கையில் இருந்தது. "இப்ப வேண்டாம்மா" என்றேன்.

"செரி. எப்பக் கேக்கறயோ, அப்பச் சொல்றேன்."

எட்டு மாதம் ஆகிறது. அம்மா இப்போது தினமும் கோயிலுக்குப் போகிறாள். படத்தை நான் மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் விளக்கேற்றும்போது அம்மனின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது, "கேக்கறயா சாமி?" என்றாள் அம்மா. சிக்னல் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அம்மாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகத்தான் கேட்டது.