புறா நோவுதே

இன்று பூக்கடையில் லில்லிப் பூவின் வாசனை பட்டதும், அந்தோனியார் திருநாளன்று தூறலில் நனைந்த மெழுகுதிரியும் சாம்பிராணியும் கலந்து மணத்த அந்தக் கண்டித் தெரு எனக்குள் திரும்ப வந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியற்காலையிலேயே நடந்து இறங்கிய நாங்கள் ஈரச் சேலைகளுக்கிடையே நசுங்கி நிற்போம், நகரத்தின் காவலர் அந்தோனியார், ஒரு கையில் லில்லியும் மறு கையில் குழந்தையும் ஏந்திய சிலையாய், கடைக் கூரைகளுக்கும் மேலே தேரில் அசைந்து வருவார், தாடி வைத்த வெள்ளைக்காரச் சாமியார் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாட, தெரு முழுவதும் ஒரே குரலாய்ப் பதில் சொல்லும்: "ஓரப் புறா நோவுதே."

எனக்கு ஏழு வயது. இத்தனை சனமும் ஒரு புறாவுக்காக மன்றாடுகிறதே என்று மலைத்துப்போனேன்.

"எந்தப் புறாம்மா நோவுது?"

அந்த வருடம்தான் என் கைக்குழந்தைத் தம்பியைப் புதைத்திருந்தோம். அம்மா, அந்தோனியார் கையிலிருந்த குழந்தையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அது அவருக்குத் தெரியும். நீ சொல்லுடி" என்றாள். அவள் வாயருகே காதை வைத்தேன். அவளும் அதையேதான் சொன்னாள்.

அது லத்தீன், "ஓரா ப்ரோ நோபிஸ்", எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அர்த்தம் எனப் பிறகு பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி சொல்லித்தந்தார். அடுத்த திருநாளில் அம்மாவைத் திருத்திவிட வேண்டுமென்றுதான் போனேன். தேர் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். நானும் புறாவென்றே சொன்னேன். அதற்கு இன்னும் நோவு தீரவில்லை.