உள்ளங்கையில் வந்த அம்மை

அத வுடு பார்வதி, உன் நாத்தனார் சண்ட நாளைக்கும் இருக்கும். உன் பொண்ணு மாசமா கீறா, வாசல்ல வேப்பிலை தொங்குது, இன்னா விசயம்? ஒடம்பெல்லாம் செவப்பா? அரிக்கலயா? உள்ளங்கையிலயும் கீதா? இப்டி குந்து.

எனுக்கும் அப்டித்தான் வந்துச்சு, ராயபுரத்துல குடித்தனம் வந்த புதுசுல. மாசமா இருந்தேன். மொதல்ல காய்ச்ச, தொண்ட வலி. அப்பறம் காசு காசா தடிப்பு. மாமியா பாத்துட்டு, "ஆத்தா வந்துகீறா, ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னுச்சு. வேப்பிலையில பட்த்தேன். தானாவே எறங்கிடுச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தி, தெருவுக்கே கூழ் ஊத்துனாங்க. தோலுக்கு மேல தான் எறங்குச்சு, உள்ள கீதுன்னு யாருக்குத் தெரியும்?

எட்டாம் மாசம் கொயந்த வயித்துலயே அசங்காம பூடுச்சு. ஆம்பளப் புள்ள. தோலு உரிஞ்சிகினு இருந்துச்சு. மூடித்தான் குடுத்தாங்க. நான் தொறந்து பாத்தேன்.

அடுத்த தபா உண்டானப்ப பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கேட்டுச்சு, "முன்னாடி உடம்புல ஏதாவது வந்துதா?"

"அம்மை போட்டுச்சும்மா."

"கொப்பளிச்சுதா?"

"இல்ல."

"உள்ளங்கையில?"

"அங்கயும் தான்."

எய்திகினு இருந்த அம்மா பேனாவ வச்சிடுச்சு. ரத்தம் எடுத்தாங்க. மேகநோயாம், சேந்து படுத்தா ஒட்டிக்கிறது; மொத புள்ளயும் அதுல தான் பூடுச்சாம். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா"ன்னுச்சு.

எங்கூட்டு ஆளு ஹார்பர்ல மூட்ட தூக்குறவரு, மீசையப் பாத்தா போலீசே ஒதுங்கும். "அம்மை வந்தது உனுக்கு, ஊசி எனுக்கா?"ன்னாரு. "போட்டுகினா வூடு, இல்லாங்காட்டி ஹார்பர்லயே பட்த்துக்கோ"ன்னேன். வந்தாரு, ரெண்டு பேருக்கும் போட்டாங்க. பென்சிலின் ஊசிக்கு அந்த மீசை அழுத அழுவை கீதே, வார்டே சிரிச்சுது!

அப்ப வயித்துல இருந்தவன் தான் என் பெரியவன். நேத்து அவன் பொண்ணு செவுத்த வுட்டுட்டு தனியா நடந்துச்சுடி! ஆனா அந்த மொத நோவுக்கு அப்பறம் என் ஒடம்ப நான் நம்பறதில்ல. நோவு இல்லன்னா நல்லாக்கீதுன்னு நெனக்கறதில்ல. எந்தக் கொயந்தய தூக்கினாலும் மொதல்ல கைய விரிச்சுப் பாப்பேன்.

உன் பொண்ணுக்கு நெசமாவே அம்மையா இருக்கலாம். இருந்தா நல்லது, ரத்தத்துல தெரிஞ்சிடும். மாப்ளய நான் ஒண்ணும் சொல்லல. இன்னா, ஆத்தா கோச்சிக்குமா? கோச்சிகினா என்னாண்ட வரட்டும்.

எத்தினி மாசம், அஞ்சா? டைம் கீதுடி. அவள எயுப்பு, ரிக்சாவ கூப்டு. ஐய, என் அடுப்புல சோறு கொழையுது! வடிச்சிட்டு வந்துர்றேன், நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்.