ஐம்பத்தொரு கிலோ

கொட்டாஞ்சேனையில் எனக்கு அடுத்த வீட்டுக் கிளறன்ஸ் அண்ணன், துறைமுகத்துக் கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பொக்ஸிங்கிலிருந்து இன்னும் பெறவில்லை. வயது அறுபது தாண்டியும் எடை அதே ஐம்பத்தொரு கிலோ. விடிந்ததும் தராசில் ஏறுவார். முள் கொஞ்சம் தள்ளி நின்றால், மனைவி மேபல் அக்கா அவருடைய பகல் சோற்றைப் பாதியாக்க வேண்டும். டொக்டர் சாப்பிடச் சொல்லி ஏசியும் பார்த்தார். எடை கூடினால் தன் எடைப் பிரிவு போய்விடுமாம்! இனி யாரோடு அடிபடப் போகிறார் என்று கேட்டால் என்னை முறைப்பார்.

"எடையைக் கழிச்சுப் போட்டுப் பாருங்கோ. அப்பதான் ஆர் பெரியவன் எண்டு தெரியும்" என்பார். அதற்குச் சாட்சியும் வைத்திருந்தார். வாலிபத்தில் ஒருநாள் பயிற்சிக்காக, தன்னிலும் இரு மடங்கு எடையுள்ள ஹெவிவெயிற் வீரன் பிறெடியோடு மோதினாராம். பிறெடியால் அவரைத் தொடவே முடியவில்லையாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இந்த வருடம் அவர்களுடைய பழைய கிளப் புது றிங் கட்டியது. கிளப்பின் எக்காலத்துக்கும் பெரிய வீரனின் பெயரை அதற்கு வைப்பதாகப் பேச்சு. கிளறன்ஸா, பிறெடியா? பிறெடியின் எடையில் நாட்டிலேயே ஆட்கள் குறைவு. இரண்டு பேரை விழுத்திச் சம்பியனானவர். கிளறன்ஸ் அண்ணனோ ஒரு பட்டாளத்தையே வென்றவர். ஆனாலும் சனத்துக்கு ஞாபகம் இருந்தது பிறெடியிடம் அடி வாங்கியவர்கள் விழுந்த விதந்தான். அந்தக் கிழமை முழுவதும் கிளறன்ஸ் அண்ணன் இருந்த இடத்தில் இருக்கவில்லை. கேற்றுக்கும் குசினிக்கும் நடந்து என்னையும் சேர்த்து அலைக்கழித்தார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அவருக்கே கிடைக்க வேண்டுமென்று மனம் அடித்துக்கொண்டது. கிடைத்தால் மனுஷன் வயிறாரச் சாப்பிடுவாரே.

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம். பிறெடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"கிளறன்ஸ்ட பேரையே போடுங்கோ. அண்டைக்கு என்னால இவனைத் தொட ஏலாமப் போச்சு. அடிச்சதெல்லாம் இவன்தான்."

கிளறன்ஸ் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பெயர் முடிவாகிவிட்டது. அப்போதுதான் செயலாளர் றொஹான் பகிடியாகக் கேட்டான்:

"அங்கிள், நல்லா நொந்திருக்குமே?"

பிறெடிக்குப் பொய் வராது. "இல்ல மகன். ஒண்டும் நோகேல்ல."

மண்டபமே சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். கிளறன்ஸ் அண்ணன் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் சாப்பாட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். மேபல் அக்கா வழக்கம்போல் அளந்து சோறு போட்டார்.

"இன்னும் போடு."

போட்டார்.

"இன்னும்."

இதற்காகத்தான் அந்த மனுஷி எத்தனையோ செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் போய் அழுதவர். இப்போது அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னப்பா, தோத்துப் போனீங்களா?"

"இல்ல, வெண்டிட்டன்" என்றார் கிளறன்ஸ் அண்ணன், சோற்றுக் கோப்பையை நீட்டியபடி. "நீ போடு."